நெய்யூரில் விலைக்கு வந்திருக்கும் பழைய டபுள் பாஸ்: என்ன வாத்தியம், எவ்வளவு கொடுக்கலாம்?

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூர் பக்கம் ஒரு வீட்டில் பழைய டபுள் பாஸ் (வயலின் போலவே இருக்கும், ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய கம்பி வாத்தியம்) ஒன்று விலைக்கு இருக்கிறது. உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் 'அன்டோனியஸ் ஸ்ட்ராடிவேரியஸ் கிரெமோனென்சிஸ்' என்றும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'மேட் இன் செக்கோஸ்லோவாகியா' என்றும் இருக்கிறது. மிஷன் காலத்தில் வெள்ளைக்காரர் கொண்டுவந்தது, நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்று சொல்லி அந்த வீட்டுப் பெரியவர் இரண்டு லட்சம் கேட்கிறார். மார்த்தாண்டத்தில் உங்கள் சபைப் பாடகர் குழுவுக்கு இதை வாங்கலாமா, வாங்கினால் என்ன விலை என்பது கேள்வி.

வாங்கலாம். இரண்டு லட்சத்துக்கு வேண்டாம். போட்டோவில் தெரிகிறபடிதான் இருக்கிறது என்றால் ஐம்பது, அறுபதாயிரத்துக்கு அது நல்ல வாத்தியம், உங்கள் தேவைக்கு மிகவும் பொருத்தமானதும்கூட. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

லேபிளிலிருந்து தொடங்குவோம். அதில் பெயர் போட்டிருக்கும் ஸ்ட்ராடிவேரி, வயலின் செய்வதில் உலகப் புகழ் பெற்றவர், இத்தாலியில் கிரெமோனா ஊரில் இருந்தவர், 1737இல் இறந்தார். அவர் கையால் செய்தது என்று உறுதியாகக் காட்டக்கூடிய டபுள் பாஸ் ஒன்றுகூடக் கிடையாது. ஜெர்மனியிலும் பொஹீமியாவிலும் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) வயலின் வகை வாத்தியங்களை ஆயிரக்கணக்கில் செய்து ஏற்றுமதி செய்தவர்கள் அவர் பெயரை அச்சடித்து உள்ளே ஒட்டினார்கள். அந்தக் காலத்தில் அது 'இந்த மாதிரியில் செய்தது' என்று சொல்லும் வழக்கம்தான், வாங்கியவர்களுக்கும் தெரிந்திருந்தது. பிறகு இரண்டு மூன்று தலைமுறை கைமாறும்போது அந்த விவரம் போய் பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதனால் அந்தப் பெரியவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வீட்டில் அப்படித்தான் சொல்லி வந்திருப்பார்கள்.

லேபிளில் உபயோகமான வரி கீழே இருக்கும் அந்தப் பொடி எழுத்துத்தான். செக்கோஸ்லோவாகியா என்ற நாடு 1918இல் உருவானது, 1992 முடிய இருந்தது. ஆக வாத்தியம் 1918க்கு முந்தியது அல்ல. அந்த நாட்டில் இந்த வேலைக்குப் பேர்போன ஊர் லூபி, பழைய ஜெர்மன் பெயர் ஷோன்பாக். மலைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஹென், இந்தப் பக்கம் லூபி, இரண்டு ஊரிலும் வீட்டுக்கு வீடு வாத்தியத் தொழில்தான். ஒருவர் கழுத்து மட்டும் செய்வார், இன்னொருவர் தலைச் சுருள் மட்டும் செதுக்குவார், எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்து விற்க வியாபாரிகள் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லூபியில் இருந்த ஜெர்மன் மொழிக்காரர்களை வெளியேற்றினார்கள், அவர்களில் பலர் பவேரியாவில் புபன்ராய்ட் என்ற ஊரில் போய்க் குடியேறித் தொழிலைத் தொடர்ந்தார்கள். லூபியில் அரசுத் தொழிற்சாலை வந்தது, அதற்கு வைத்த பெயரே கிரெமோனா. அதனால் எங்காவது 'கிரெமோனா' என்று மட்டும் பார்த்துவிட்டு இத்தாலி என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

மிஷன் கதையும் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. மயிலாடியில் 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்ததிலிருந்து லண்டன் மிஷன் நம் பக்கத்தில் வேரூன்றி இருந்தது, 1918க்குப் பிறகும் வெள்ளைக்காரர்கள் இங்கே இருந்தார்கள், வாத்தியங்கள் வந்தன. பழைய போட்டோவோ சபைக் குறிப்போ கூட இருந்தால் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள், சபை வரலாற்றுக்கு உதவும். விலையில் அது ஒரு ரூபாயும் கூட்டாது.

சரி, விலையைக் கூட்டுவதும் குறைப்பதும் எது? முதலில், உடல் எதால் ஆனது என்பது. டபுள் பாஸ் மூன்று வகையில் வரும். முன்பலகை, பின்பலகை எல்லாமே முழு மரத்தில் குடைந்து செதுக்கியது ஒன்று. முன்பலகை மட்டும் முழு மரம், மற்றவை ப்ளைவுட் என்பது இன்னொன்று. எல்லாமே ப்ளைவுட் மூன்றாவது. முன்பலகைக்கு ஸ்புரூஸ், பின்னுக்கும் பக்கத்துக்கும் மேப்பிள் என்பதுதான் ஐரோப்பிய வழக்கம். நேரில் போகும்போது சின்ன டார்ச் ஒன்று கொண்டுபோய், முன்பலகையில் எஃப் எழுத்து வடிவில் வெட்டியிருக்கும் ஓட்டையின் ஓரத்தைப் பாருங்கள். முழு மரம் என்றால் மேலே தெரியும் மரவரி அப்படியே ஓரத்திலும் இறங்கும், ஒரே நிறமாக இருக்கும். ப்ளைவுட் என்றால் மூன்று அல்லது ஐந்து அடுக்கு தெரியும், நடு அடுக்கின் வரி குறுக்கே ஓடும். இதை மறைக்கத்தான் சில தொழிற்சாலைகளில் அந்த ஓரத்துக்குக் கறுப்பு மை பூசிவிடுவார்கள், மை அடர்த்தியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பின்பலகைக்கு வேறு சோதனை: வெளியே ஒரு இடத்தில் மேப்பிளின் புலிவரி எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டு, எஃப் ஓட்டை வழியாக உள்ளே அதே இடத்தைப் பாருங்கள். உள்ளே சம்பந்தமே இல்லாத வேறு வரி இருந்தால் அது ப்ளைவுட்.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது பக்க எஃப் ஓட்டையின் கீழ் வளைவில் மை உரிந்த இடத்தில் நடுவில் ஒரு கருங்கோடு தெளிவாகத் தெரிகிறது, அது அடுக்குதான். ஆக முன்பலகை ப்ளைவுட், பின்பலகையும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம்.

இதைக் கேட்டு மனம் சோர வேண்டாம். நம் மாவட்டத்துக்கு ப்ளைவுட் பாஸ்தான் சரி என்பது என் உறுதியான கருத்து, இசைக்கல்லூரியில் படித்தவர்கள் மறுத்தாலும் அதில் மாற்றமில்லை. தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டுமே நமக்கு உண்டு, இடையில் மார்ச், ஏப்ரல் வெயில், கடலோரம் என்றால் உப்புக்காற்று வேறு. முழு மரம் ஈரத்தில் குறுக்குவாட்டில் விரியும், உலர்ந்தால் சுருங்கும். அது வாத்தியத்தின் இயல்பு, குற்றமில்லை. ஆனால் அதைப் பராமரிக்க ஈரப்பதம் பார்த்து வைக்க ஒரு அறையும், விரிசல் விட்டால் திறந்து ஒட்டத் தெரிந்த கையும் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில், வாரம் முழுக்க பூட்டிக் கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏசி போடும் ஆலயத்தில் வைத்தால், முழு மரப் பாஸ் சில வருடங்களில் வெடிக்கும். ப்ளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அந்த விரிதல் கட்டுப்படும். ஒலியில் ஆழமும் நுணுக்கமும் கொஞ்சம் குறையும், உண்மைதான். அமெரிக்காவில் கே என்ற சிகாகோ கம்பெனி 1937 முதல் ப்ளைவுட் பாஸ் செய்து குவித்தது, ஜாஸ் வாசித்த எத்தனையோ பேர் அதில்தான் வாசித்தார்கள், இன்றும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது வண்டியில் ஏற்றி இறக்கவும் உங்களுக்கு ப்ளைவுட்தான் தாங்கும்.

ப்ளைவுட்டுக்கென்று ஒரு வியாதி உண்டு, ஈரத்தில் அடுக்கு விட்டுப்போவது. விரல் முட்டியால் முன்னும் பின்னும் ஓரம் முழுக்க மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டொக் டொக்' என்று திடமாக வரும் சத்தம் ஓரிடத்தில் மட்டும் சலசலத்தால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது. உள்ளங்கை அளவு என்றால் ஒட்டிவிடலாம், கீழ்ப்பாதி முழுக்க என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது கழுத்து. இங்கேதான் பெரும்பாலானோர் பார்க்கத் தவறுகிறார்கள். நான்கு கம்பியும் சுருதியில் இருக்கும்போது 100 கிலோவுக்கு மேல் இழுவை, அதைத் தாங்கி நிற்பது கழுத்து உடலில் சேரும் அந்த ஒரு மூட்டு. வாத்தியத்தை நிற்க வைத்து உடலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கழுத்தை மறு கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கிறீச் என்று சத்தம் வந்தாலோ மூட்டில் மயிரிழை அளவு திறந்து மூடினாலோ கழுத்து விட்டிருக்கிறது. அப்புறம் பிரிட்ஜின் (முன்பலகை மேல் நின்று கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) உயரத்தை அளந்து பாருங்கள். சாதாரணமாக 15 முதல் 17 சென்டிமீட்டர் இருக்கும். அதைவிட நன்றாகக் குட்டையாக யாரோ சீவியிருக்கிறார்கள், அப்படியும் ஃபிங்கர் போர்டின் (கம்பியை விரலால் அழுத்தும் நீளப் பலகை) கடைசியில் கம்பி விரலுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது என்றால் கழுத்து முன்னால் சாய்ந்துவிட்டது என்று பொருள். அந்தக் கடைசி இடத்தில் ஜி கம்பி (மெல்லியது) 5, 6 மில்லிமீட்டர், ஈ கம்பி (தடித்தது) 9, 10 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் வசதியாக வாசிக்கலாம்.

கழுத்து மூட்டில் திருகாணி அடித்திருக்கிறதா, வெள்ளைப் பசை வழிந்து காய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த வாத்தியங்களைத் தோல் பசையால் ஒட்டுவார்கள். வெந்நீரும் சூடான கத்தியும் இருந்தால் மரம் கெடாமல் திறந்துவிடலாம் என்பதற்காகத்தான் அந்தப் பசை. இழுவை அதிகமானால் பலகை வெடிப்பதற்கு முன்பு பசை விட்டுக்கொடுக்கும், அதனால் ஓரத்தில் ஒட்டு விட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது சின்ன வேலை. கதவு ஜன்னலுக்குப் போடும் வெள்ளைப் பசையால் யாராவது நல்ல எண்ணத்தோடு ஒட்டியிருந்தால்தான் சிக்கல், அடுத்த முறை திறக்கும்போது மரத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். நம் ஊர் ஆசாரிமார் மரம் தெரிந்தவர்கள், தேக்கையும் ஆஞ்சிலியையும் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், உளுப்பு இருக்கிறதா, பழைய மூட்டு நிற்குமா என்று பார்க்க ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஒட்டும் வேலையை மட்டும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

உளுப்பு என்றதும் ஒரு விஷயம். பின் தலை அளவு ஓட்டைகள் இருந்தால் வாத்தியத்துக்குக் கீழே கறுப்புத் துணியோ தாளோ விரித்துத் தட்டுங்கள். மாவு மாதிரிப் புதுத் தூள் விழுந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. அதை ஆலயத்துக்குள் கொண்டுபோனால் பெஞ்சுக்கும் ஏறும். ஓட்டை பழசு, தூள் இல்லை என்றால் பயமில்லை. வீட்டில் செல்லரித்த அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்களா என்றும் கண்ணை ஓட்டுங்கள்.

மூன்றாவதாக சவுண்ட் போஸ்ட். உள்ளே ஜி கம்பிப் பக்கம் பிரிட்ஜின் காலுக்குச் சற்றுக் கீழே, முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஒரு உருளைக் குச்சி செங்குத்தாக நிற்கும். அதைப் பசையால் ஒட்டுவதில்லை, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அது விழுந்து கிடக்க, மேலே கம்பி இழுத்துக் கட்டியபடியே வருடக்கணக்கில் விட்டிருந்தால் அந்த இடத்தில் முன்பலகை உள்வாங்கும். ஒரு நீள ஸ்கேலை இரண்டு எஃப் ஓட்டைக்கும் நடுவில் குறுக்கே வைத்துப் பார்த்தால் குழி தெரிந்துவிடும். இரண்டாவது போட்டோவில் பிரிட்ஜின் வலது காலுக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்கு ஒரு கோடு இருக்கிறதே, நீங்கள் வட்டமிட்டுக் கேட்டது, அது வார்னிஷ் கீறலாகவும் இருக்கலாம், விரிசலாகவும் இருக்கலாம். அறையை இருட்டாக்கி எஃப் ஓட்டை வழியாக டார்ச்சை உள்ளே விட்டு வெளியிலிருந்து பாருங்கள். ஒளி கசிந்தாலோ, விரல் நுனியால் தடவும்போது கோட்டின் இருபக்கமும் மட்டம் மாறினாலோ அது விரிசல். முழு மர வாத்தியத்தில் சவுண்ட் போஸ்ட் இடத்து விரிசல் பாதி விலையைத் தின்றுவிடும். ப்ளைவுட்டில் பெரும்பாலும் மேல் அடுக்கோடு நின்றிருக்கும், ஆனாலும் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

அளவு பற்றி விற்பவர் 'ஃபுல் சைஸ்' என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். டபுள் பாஸில் முக்கால் சைஸ்தான் உலகம் முழுக்கப் பெரியவர்கள் வாசிக்கும் அளவு, முழு சைஸ் அபூர்வம். மேலே நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படியும் சின்னக் கட்டை) பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் 104 முதல் 106 சென்டிமீட்டர் இருந்தால் முக்கால் சைஸ். 97 ஒட்டி வந்தால் அரை சைஸ், பள்ளிப் பிள்ளைகளுக்கானது, மதிப்பும் குறைவு. அளக்கும்போது பிரிட்ஜ் நகர்ந்திருக்கலாம் என்பதால் எஃப் ஓட்டைகளின் உள்பக்கம் இருக்கும் சின்ன வெட்டுக்கு நேராகக் கணக்கெடுங்கள், பிரிட்ஜ் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

ஃபிங்கர் போர்டு கருங்காலியா, கறுப்புச் சாயம் பூசிய வேறு மரமா என்று தெரிந்துகொள்ள, உடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சாயம் பெரும்பாலும் அங்கே சரியாக ஏறியிருக்காது, பழுப்பு எட்டிப்பார்க்கும். ட்யூனிங் மெஷினில் (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பல்சக்கரத் திருகு) களிம்பு பிடித்திருந்தால் துடைத்துவிடலாம், பற்கள் தேய்ந்து திருகும்போது வழுக்கினால் மாற்ற வேண்டும். வில் கூட வருகிறது என்றால் அதற்கென்று தனி விலை கொடுக்காதீர்கள், குச்சி வளையாமல் இருந்தால் முடி மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஒலியைப் பற்றி நீங்கள் அனுப்பிய வீடியோவை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன், நீங்களும் முடிவெடுக்காதீர்கள். ஈ கம்பியின் அடிச் சுரம் 41 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கரால் அதைக் கொடுக்கவே முடியாது, நீங்கள் கேட்டது முழுக்க மேல் ஒலிகள்தான். நேரில் ஒவ்வொரு கம்பியிலும் அரைச் சுரம் அரைச் சுரமாக ஏறி வாசித்து, எங்கே அதிர்கிறது, எங்கே சுரம் செத்துப்போகிறது என்று கேளுங்கள். வாசிக்க ஆள் இல்லை என்றால் பேஸ் கிட்டார் வாசிக்கும் பையனைக் கூட்டிப் போங்கள். கீழிருந்து ஈ, ஏ, டி, ஜி, அதே சுருதிதான், விரலால் மீட்டினாலே போதும்.

இனி விலை. என் கணக்கு எப்போதும் ஒன்றுதான்: அதே தரத்தில் புதிதாக வாங்கினால் வீட்டு வாசலுக்கு வர என்ன ஆகும் என்று பார்த்து, நல்ல நிலையில் இருக்கும் பழையதுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு வைத்து, அதிலிருந்து செய்ய வேண்டிய வேலைகளின் செலவைக் கழிப்பது. சீனாவில் செய்த புது ப்ளைவுட் பாஸ் இறக்குமதி, லாரிக் கூலி எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை அண்ணா சாலையில் 1842இலிருந்து இருக்கும் மியூசி மியூசிக்கல் மாதிரி கடைகளில் போன் செய்து இன்றைய விலையைக் கேட்டுக்கொண்டு, அந்தத் தொகையை இதில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு என்றால் எண்பதாயிரம் சொச்சம், பழைய செக் வேலைக்காக ஒரு ஐந்து, பத்து சேர்த்துத் தொண்ணூறு வைக்கலாம். போட்டோவில் கம்பிகள் துருவேறியிருக்கின்றன. நல்ல எஃகுக் கம்பி ஒரு செட் பதினைந்தாயிரத்துக்குக் குறையாது, இருபது என்று வையுங்கள். பிரிட்ஜும் சவுண்ட் போஸ்டும் சரிசெய்ய திருவனந்தபுரத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ ஆள் வந்துபோக இன்னொரு பத்து, பன்னிரண்டு. ஆக இப்போது இருக்கும் நிலையில் ஐம்பத்தைந்து, அறுபதாயிரம். கழுத்து அசைந்தால் இருபத்தைந்து கழியும், முப்பத்தைந்துக்கு மேல் போகாதீர்கள். நேரில் பார்க்கும்போது நான் போட்டோவில் கண்டது தவறாகி முழு மரமாக இருந்துவிட்டால் அன்றைக்கு விலை பேசாமல் வாருங்கள், அது ஒன்றரை லட்சத்துக்கும் போகக்கூடிய வாத்தியம், தெரிந்தவர் ஒருவர் நேரில் பார்க்காமல் நீங்களும் கொடுக்கக் கூடாது, அவரும் குறைத்து விற்கக் கூடாது.

பெரியவரிடம் பேசும்போது லேபிள் விஷயத்தை மரியாதையாக, தனியாகச் சொல்லுங்கள். செக்கோஸ்லோவாகியா வரியைக் காட்டினால் போதும், தர்க்கம் தேவையில்லை. ஆலயத்துக்குப் போகிறது, வீணாகாது என்று தெரிந்தால் நம் பக்கத்துப் பெரியவர்கள் விலையில் இறங்கி வருவார்கள்.

ஏற்றிவர குட்டியானை (டாடா ஏஸ் வண்டி) போதும். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்றிவிடாதீர்கள், கழற்றினால் சவுண்ட் போஸ்ட் விழுந்துவிடும். பிரிட்ஜ் மேலே அழுத்தம் வராதபடி பக்கவாட்டில் படுக்கவைத்து, அடியில் மெத்தை போட்டு, தலைச் சுருள் எதிலும் இடிக்காமல் ஒருவர் கூடவே உட்கார்ந்து வர வேண்டும். வந்ததும் உடனே சுருதி ஏற்ற வேண்டாம், ஒரு நாள் இரண்டு நாள் அந்த அறையின் காற்றுக்குப் பழகட்டும், பிறகு நான்கு கம்பியையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஏற்றும்போது பிரிட்ஜின் தலை ஃபிங்கர் போர்டு பக்கம் சாயும், ஒவ்வொரு முறையும் பக்கவாட்டிலிருந்து பார்த்து நிமிர்த்திவிட்டு மேலே போங்கள்.